மாசிக் காற்று

எங்கள் விருதுநகர்ச் சீமையில் மாசி மாதம் ஒரே நாளில் மூன்று பருவங்களைக் காட்டும். ஸுப்ஹுத் தொழுகைக்குச் செல்கையில் பனி தலையை நனைக்கும். லுஹர் வேளையில் கரிசல் மண் காலைச் சுடும். அஸருக்குப் பின் சில நாட்களில் கருமேகம் திரளும்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் கிடக்கும் பூமி இது. அந்த வறட்சியே சிவகாசியில் தீப்பெட்டியும் பட்டாசும் தழைக்கத் துணையாயிற்று.

சென்ற மாசியில் கண்மாய் வற்றிக் கிடந்தது. மதரஸாப் பிள்ளைகளை அமர்த்தி மழை வேண்டி துஆச் செய்தேன். ஒரு சிறுவன் மட்டும் ஆமீன் சொல்லவில்லை. காரணம் கேட்டேன்.

“மழை பெய்தால் வெடி காயாது, ஹஜரத். அம்மாவுக்குக் கூலி கிடைக்காது.”

வெயிலும் அவளுக்குத் துணையன்று. சூட்டில் சிறு உராய்வும் தீயாகும். ஈரம்பட்ட மருந்தும் தானே சூடேறிப் பற்றக்கூடும். மாசி பிறக்கும் தறுவாயில், 2021 பிப்ரவரி 12 அன்று, சாத்தூரை அடுத்த அச்சங்குளத்துப் பட்டாசு ஆலை வெடிப்பில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டதை நாம் மறக்கவில்லை.

குர்ஆனில் அருள் சுமந்துவரும் காற்று பெரும்பாலும் ‘ரியாஹ்’ எனப் பன்மையிலும், அழிவு கொணரும் காற்று ‘ரீஹ்’ என ஒருமையிலும் வருவதைப் பல்லாண்டு கற்பித்திருக்கிறேன். ஒரே காற்று ஒருவருக்கு ரியாஹாகவும் அடுத்த வீட்டாருக்கு ரீஹாகவும் இருக்கக்கூடும் என்பதை அச்சிறுவனிடமே கற்றேன்.

மீண்டும் கையேந்தினேன். கண்மாய்க்கு நீரையும், அவன் அம்மாவுக்குக் கூலியையும், அவள் மாலையில் நலமாக வீடு திரும்புவதையும் சேர்த்தே கேட்டேன்.

இம்முறை அவன் குரலே முதலில் கேட்டது.