கில்பெக்: செம்மணற்கல்லில் ஒரு சிற்றூர்த் தேவாலயம்

இங்கிலாந்தின் மேற்கே, வேல்ஸ் எல்லையை ஒட்டிய ஹெரிஃபோர்ட்ஷயரில் கில்பெக் என்ற சிற்றூர் இருக்கிறது. அங்குள்ள புனித மரியாள், புனித டேவிட் தேவாலயம் ஏறத்தாழ 1140-இல் செம்மணற்கல்லால் கட்டப்பட்டது. இங்கிலாந்தில் நார்மன் பாணி என்று வழங்கும் ரோமனெஸ்க் கலைக்கு இவ்வளவு செறிவான சான்று பல பெரிய பேராலயங்களில்கூடக் கிடையாது.

1066-இல் நார்மன்கள் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பிறகு இவ்வூர் வில்லியம் ஃபிட்ஸ் நார்மன் என்பவரின் கைக்கு வந்தது. அவருடைய மகன் ஹியூ 1134-இல் இங்கிருந்த தேவாலயத்தை குளொஸ்டர் மடத்துக்குக் கொடையளித்தார். இன்றுள்ள கட்டடம் அதற்குச் சில ஆண்டுகளுக்குப் பின் எழுந்தது. மேற்கே, மண்மேட்டின் மீது கோட்டையின் இடிபாடு நிற்கிறது. கோட்டை, கோயில், குடியிருப்பு மூன்றையும் அருகருகே அமைப்பது நார்மன் பிரபுக்களின் வழக்கம்.

கட்டட அமைப்பு எளிது. மக்கள் கூடும் நீள்சதுரக் கூடம், அதையடுத்துக் குருமார் பகுதி, கிழக்குக் கோடியில் பலிபீடத்துக்கான அரைவட்ட அறை என மூன்றும் ஒரே நேர்கோட்டில் அமைந்திருக்கின்றன. சுவர்கள் தடிமன், சன்னல்கள் சிறியவை. பெரிய கோபுரம் கிடையாது. மேற்குச் சுவரின் உச்சியில் மணி தொங்க ஒரு சிறு மாடம் மட்டுமே.

இந்த எளிமைக்கு ஈடுகட்டுவதுபோல் தெற்கு வாசலில் சிற்பம் பொங்கி வழிகிறது. கதவுக்கு மேலுள்ள அரைவட்டக் கல்லில் வாழ்வின் மரம் படர்ந்திருக்கிறது. அதைச் சுற்றிய வளைவுகளில் பறவைகள், கடல்நாகங்கள், வாலைத் தானே விழுங்கும் பாம்புகள். இடப்பக்கத் தூணில் கொடிகளுக்கிடையே ஒல்லியான இரு வீரர்கள் கால்சட்டையோடு நிற்கிறார்கள். மேற்குச் சுவரின் மூலைகளிலிருந்து வாய் பிளந்த யாளி போன்ற தலைகள் வெளியே நீள்கின்றன. நார்மன்களின் முன்னோர் வாழ்ந்த ஸ்காண்டிநேவியாவின் கைவண்ணம் அவற்றில் தெரிகிறது.

கூரை விளிம்பைத் தாங்கும் கற்கள் 80-க்கும் மேல் எஞ்சியிருக்கின்றன. நாயும் முயலும் அருகருகே, ஒரு வாத்தியக்காரர், சிலுவை ஏந்திய ஆட்டுக்குட்டி என்று ஒவ்வொன்றும் ஒரு தினுசு. ‘ஷீலா-ன-கிக்’ எனப்படும் பெண்ணுருவம் தன் பிறப்புறுப்பை இரு கைகளாலும் விரித்துக் காட்டுகிறது. காமத்துக்கு எதிரான எச்சரிக்கை என்றும், தீமையை விரட்டும் காப்பு என்றும், வளமையின் சின்னம் என்றும் இதற்கு விளக்கங்கள் உண்டு. எதுவும் முடிவானதல்ல.

உள்ளே, குருமார் பகுதியின் வளைவுக்கு இருபுறமும் புனிதர்கள் ஒருவர்மேல் ஒருவராக நிற்கிறார்கள். ஸ்பெயினின் சாந்தியாகோ பேராலயச் சிற்பங்களோடு இவற்றுக்குள்ள ஒற்றுமையை ஆய்வாளர்கள் சுட்டுகிறார்கள். கில்பெக்கின் சிற்பிகளே வேலை செய்த ஷாப்டன் தேவாலயத்தைக் கட்டிய ஆலிவர் டி மெர்லிமண்ட் சாந்தியாகோவுக்குத் திருப்பயணம் போய்வந்தவர். ஆகவே கில்பெக் சிற்பங்களில் சாந்தியாகோவின் தாக்கம் இருக்கலாம் என்ற ஊகம் வெறும் கற்பனையல்ல.

17-ஆம் நூற்றாண்டின் உள்நாட்டுப் போர்க்காலத்தில் கோட்டை தகர்க்கப்பட்டது, தேவாலயம் தப்பியது. அதன் பக்கத்திலிருந்த பழைய குடியிருப்பும் காலப்போக்கில் சுருங்கிப்போனது. பிற்காலப் பாணியில் பெரிதாக்கிக் கட்ட ஆளும் பணமும் இல்லாததே பழைய உருவம் அப்படியே நிலைக்கக் காரணமாயிருக்க வேண்டும். கல்லின் உறுதியும் கைகொடுத்தது. 1840-களில் கட்டடக் கலைஞர் லூயிஸ் நாக்கல்ஸ் காட்டிங்ஹாம் பொறுப்பில் பழுதுபார்ப்பு நடந்தது.

ஷாப்டனுக்கு இந்த அதிர்ஷ்டம் இல்லை. அங்கே 1750-களில் தேவாலயத்தை இடித்துவிட்டு, அதன் சிற்ப வளைவுகளை மட்டும் ஒரு குன்றின்மேல் அலங்காரமாக நிறுத்தினார்கள். மழையிலும் வெயிலிலும் அவை பெருமளவு தேய்ந்துவிட்டன. அந்தச் சிற்பங்களின் விவரத்தை அறிய 19-ஆம் நூற்றாண்டில் வரைந்த படங்களையே நம்ப வேண்டியிருக்கிறது. கில்பெக்கில் நேராகப் போய்ப் பார்க்கலாம்; அங்கே இன்றும் வழிபாடு நடக்கிறது.