மந்தை இல்லை, டீம்

கால்பந்துப் படம் என்றால் கடைசி நிமிடத்தில் கோல் விழும், கோச் கண் கலங்குவார், கோப்பையோடு படம் முடியும். நமக்கெல்லாம் மனப்பாடமான கணக்கு இது. 2022இல் வந்த நாகராஜ் மஞ்சுளேயின் இந்திப் படம் 'ஜுண்ட்' அதைக் கலைத்துப் போட்டது. சேரிப் பசங்க கல்லூரி அணியை ஜெயிக்கும் மேட்ச் பாதிப் படத்திலேயே முடிந்துவிடும். அதற்கப்புறம்தான் உண்மையான ஆட்டம்.

நாக்பூரில் விளையாட்டு ஆசிரியராக இருந்த விஜய் பார்சே சேரிப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய கால்பந்து முயற்சிதான் கதைக்கு மூலம். ஜுண்ட் என்றால் மந்தை. மந்தை என்று சொல்லாதீர்கள், டீம் என்று சொல்லுங்கள் என்பார் வாத்தியாராக வரும் அமிதாப் பச்சன்.

பெரம்பூரில் மாலை வகுப்புக்கு வரும் பசங்களோடு லேப்டாப்பில் இதைப் பார்த்தேன். ஒருத்தருக்கும் இந்தி தெரியாது. ஆனாலும், விளையாடினால் காசு தருகிறேன் என்று வாத்தியார் ஆசை காட்டும் இடத்தில் சிரிப்பு அடங்கவில்லை. நம் சினிமாவில் சேரிப் பையனின் நிறமும் பேச்சும்தான் காலங்காலமாக ஜோக். இங்கே அவனே ஜோக் அடிக்கிறான். இந்த வித்தியாசத்தைப் பசங்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

பிறகு பாஸ்போர்ட் வருகிறது. வெளிநாட்டுப் போட்டிக்குப் போகவேண்டிய பழங்குடிப் பெண், தான் யார் என்று நிரூபிக்க அப்பாவோடு காகிதத்துக்கு அலைகிறாள். இன்னொருவனை போலீஸ் கேஸ் தடுக்கிறது. "அண்ணா, நம்ம ஏரியா ஆபீஸ் மாதிரியே இருக்குண்ணா" என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள், அவன் சிரிக்கவில்லை. முந்தைய வருடம் வயதுப் பிரிவு அணிக்குத் தேர்வானவன் அவன். பிறப்புச் சான்றிதழில் இருந்த பெயருக்கும் ஆதாரில் இருந்த பெயருக்கும் ஒரெழுத்து வித்தியாசம். திருத்தி வாங்குவதற்குள் அணி கிளம்பிவிட்டது.

பெரம்பூர், வியாசர்பாடி பக்கம் கால்பந்து வெறும் பொழுதுபோக்கு இல்லை. ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, சுங்கத்துறை எல்லாம் சென்னை லீகில் ஆடிய அணிகள். நன்றாக ஆடினால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை என்பது இங்கே பல வீடுகளின் கனவு. அந்த விண்ணப்பத்துக்கும் காகிதம் வேண்டும். கோல் போட்டவன் வாசலிலேயே நிற்பான்.

'மறுபடியும் ஒரு மீட்பர் கதைதானே?' என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் மஞ்சுளே அந்தப் பெரிய நட்சத்திரத்தை பாபாசாகேப் படத்தின் முன்னால் நிறுத்துகிறார். வாத்தியாரின் நல்ல மனசு மட்டும் போதாது, அரசு அலுவலகக் கதவும் திறக்கவேண்டும் என்பதையும் காட்டுகிறார். திறமை இருந்தால் போதும் என்று சொல்லும் படங்கள் இதைச் சொல்வதில்லை.

தோழர்களே, உங்கள் பகுதியில் ஒரு டீம் இருந்தால் ஜெர்சி வாங்கித் தருவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்குங்கள். ஒவ்வொருவரின் பிறப்புச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதார் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெயரையும் பிறந்த தேதியையும் சரிபாருங்கள். தப்பு இருந்தால் மறுநாளே விண்ணப்பம் எழுதிக் கொடுத்து, கூடவே போய் நில்லுங்கள். தேர்வு அறிவிப்பு வந்த பிறகு ஓடினால் நேரம் போதாது.

ஜெய்பீம்.