மேடைப் பிரச்னை!

கல்யாணம் நிச்சயமானால் மற்றவர்கள் பட்டுவேட்டி வாங்கக் கிளம்புவார்கள். நான் சமையல் மேடை வாங்கக் கிளம்பினேன்.

எங்கள் வீடு 1988-ல் அப்பா கட்டியது. மேடை, தட்டு எல்லாமே கடப்பா கல். அலமாரிக்குக் கதவு கிடையாது. பருப்பு டப்பாவிலிருந்து கரப்பான்பூச்சி வரை சகலமும் பகிரங்கம். 'வரப்போறவ என்ன நினைப்பா?' என்ற கவலையில், போனஸ் பணத்தோடு ஷோரூமுக்குள் நுழைந்தேன். துணைக்கு ஆபீஸ் நண்பர். சமீபத்தில் வீடு கட்டி அடிபட்டவர்.

டை கட்டிய இளைஞன் முதலில் காட்டியது வெள்ளை மார்பிள். மயங்கிவிட்டேன். நண்பர் காதைக் கடித்தார். "புளியும் எலுமிச்சையும் பட்டா மார்பிளை அரிச்சுடும்யா. தினம் ரசம் வைக்கிற வீட்டுக்கு ஆகாது."

அடுத்து குவார்ட்ஸ். கல் தூளைப் பிசின் போட்டு இறுக்கியது. கறை பிடிக்காது, ஆனால் கொதிக்கிற வாணலியை அப்படியே வைத்தால் தழும்பு விழலாம். எங்கம்மா பிரிமணை தேடுகிற ஜாதி இல்லை. ஆகவே கிரானைட். ஆந்திராவில் சீமகுர்த்தியிலிருந்து வருகிற கேலக்ஸி. கறுப்பில் தங்கப் பொடி தூவின மாதிரி இருந்தது.

அலமாரிக்கு, "எல்லாமே வாட்டர் ப்ரூஃப் சார்" என்றான். நண்பர் பலகையைத் திருப்பி முத்திரையைத் தேடினார். "ஐ.எஸ். 710-னு இருந்தா மரைன் ப்ளைவுட். சிங்க் அடியில அதைப் போடு. மேல் அலமாரிக்கு 303-ல பி.டபிள்யூ.ஆர். போதும்." கொஞ்சம் பணம் மிச்சம்.

"உயரம் 34 அங்குலம். ஸ்டாண்டர்ட் சார்" என்றான் இளைஞன். தலையாட்டி, அட்வான்ஸும் கொடுத்துவிட்டு வந்தேன்.

பழைய மேடையை உடைக்கிற அன்று, மேஸ்திரி அதன் அடியிலிருந்து ஒரு மரப்பலகையை இழுத்துப் போட்டார். நடுவில் இரண்டு பாதங்களின் அளவுக்குத் தேய்ந்து, வழவழவென்றிருந்தது.

"தூக்கிப் போட்றாதீங்க" என்று ஓடி வந்தாள் அம்மா. "அது மேல நின்னாத்தான் எனக்குக் குழம்பு கொதிக்கிறது தெரியும்."

எனக்கு 29 வயசு. அந்தப் பலகையை ஒரு நாள்கூடப் பார்த்ததில்லை. சமையலறைக்குள் தட்டோடு போவேன்; தட்டை மட்டும் பார்த்துக்கொண்டு திரும்புவேன்.

"ஷோரூம் அளவு கிடக்கட்டும். சமைக்கிறது யாரு தம்பி?" என்றார் மேஸ்திரி.

அம்மா நாலடி பத்தங்குலம். முழங்கையை மடக்கி நிற்கச் சொல்லி டேப் வைத்தார். 36. "முழங்கைக்கு அஞ்சங்குலம் கீழே மேடை இருக்கணும். அப்ப 31. அடுப்பு வேற மேல உட்காருது. அதுக்கும் கழிச்சா 28."

"வேண்டாம்டா" என்றாள் அம்மா. "வர்ற பொண்ணு உசரம். குனிஞ்சு குனிஞ்சு அவ இடுப்பு என்னத்துக்கு ஆகும்? 34-ஏ இருக்கட்டும். எனக்குத்தான் பலகை இருக்கே."

முப்பது வருஷமாக நின்றது போதாதாம். எனக்குத் தொண்டையை அடைத்தது.

மேஸ்திரி யோசித்தார். "அடுப்புப் பக்கம் மட்டும் 30 வைப்போம். ரெண்டு பேரும் சமாளிச்சுக்கலாம். காய் நறுக்கற, பாத்திரம் கழுவுற பக்கம் தனியா, உசரமா இருக்கட்டும்." பலகை அறுப்பதற்குள் ஷோரூமுக்குப் போன் போட்டு அளவை மாற்றினேன்.

"அந்த உசரப் பக்கம் எவ்வளவு வைக்கலாம்மா?" மேஸ்திரி கேட்டார்.

அம்மா என்னை மேலும் கீழுமாகப் பார்த்தாள்.

"இவன் கையை அளந்துக்குங்க."

36 அங்குலம். எனக்குக் கச்சிதமாக இருக்கிறது சார்!