கியர்பெட்டியின் மீது ஒன்பது எழுத்துகள்

ஹேடோவிலிருந்து ஒரு சிறு பாலத்தைக் கடந்தால் சாத்தம் தீவு. அங்கே 1883இல் தொடங்கப்பட்ட மர அறுவை ஆலை இருக்கிறது. என் முனைவர் பட்ட ஆய்வு அந்த ஆலைக்கு வந்து சேர்ந்த மரங்களைப் பற்றியது. இன்னும் சரியாகச் சொன்னால், அம்மரங்களின் மீது வனத்துறையினர் சுத்தியலால் அடித்த முத்திரைகளைப் பற்றியது. வெட்டுவதற்கு முன்பே மரத்தின் அடியில் ஒரு முத்திரை விழும். மரம் சாய்ந்தபின் அது கட்டையோடு கூப்பிலேயே நின்றுவிடும். தடியில் அடித்த முத்திரையும் எண்ணும் தடியோடு பயணப்படும். இரண்டையும் பதிவேட்டையும் ஒப்பிட்டால்தான் இந்தப் படாக் தடி இந்த இடத்து மரம் என்று சொல்ல முடியும்.

இந்தப் படிப்பை நம்பித்தான் மிச்சிகனில் வாழும் என் அக்காள் கணவர் கடந்த பிப்ரவரியில் எனக்குப் பதினொரு புகைப்படங்களை அனுப்பினார். 1969ஆம் ஆண்டுச் செவ்ரலே கோர்வெட் ஒன்றை வாங்க அவர் முடிவு செய்திருந்தார். வண்டியோடு பிறந்த கியர்பெட்டியே இன்னும் அதில் இருப்பதாக விற்பவர் சொல்லியிருந்தார். அதற்குத் தனி விலை. “தம்பி, நீ மரத்தில் பார்ப்பதை இரும்பில் பார்த்துச் சொல், போதும்” என்றார் அத்தான். அது இரும்பன்று, அலுமினியம் என்பதுகூட அப்போது எனக்குத் தெரியாது.

ஒரு வாரம் ஆய்வை ஒதுக்கிவைத்துவிட்டு அதைப் படித்தேன். இண்டியானா மாநிலத்து மன்சி நகரில் ஜெனரல் மோட்டார்ஸ் செய்த நான்கு கியர் பெட்டி அது. 1963 முதல் 1974 வரை அந்த நிறுவனத்தின் வேகமான கார்களில் பெரும்பாலும் அதுவே இருந்தது. மூன்று வகை: எம்20, எம்21, எம்22. 1969ஆம் ஆண்டுக் கோர்வெட்டுகள் 38,762இல் எம்22 பொருத்தப்பட்டவை வெறும் 101. பற்களின் சாய்வு குறைவானதால் அது பெருஞ்சத்தம் போடும். கல்லுடைப்பான் என்று அதற்குப் பட்டப்பெயர். அத்தான் பார்த்த வண்டியில் அந்த அரிய பொருள் இல்லை. 13,741 வண்டிகளில் இருந்த எம்21தான். வகையைச் சரிபார்க்கப் பெட்டியைத் திறக்கவும் வேண்டாம். வண்டியை முதல் கியரில் இட்டு எஞ்சினைக் கையால் சுற்ற வேண்டும். பின்னால் செல்லும் தண்டு ஒரு சுற்று வருவதற்குள் எஞ்சின் இரண்டரைச் சுற்றுக்குச் சற்று மேல் சுற்றினால் எம்20. இரண்டேகால் சுற்றுக்குச் சற்றுக் குறைந்தால் எம்21. அத்தான் விற்பவரின் கொட்டகையில் முழங்காலிட்டுச் சாக்கட்டியால் குறியிட்டு இதைச் செய்துபார்த்தார். எம்21தான். அன்றிரவு அவர் குரலில் இருந்த மகிழ்ச்சியைப் பல ஆண்டுகளாக நான் கேட்டதில்லை.

வகை தெரிந்துவிட்டால் பிறப்பும் தெரிந்ததாகிவிடாது. அதற்கு மூன்று சாட்சிகள் உண்டு. முதலாவது, பெட்டியின் உடலில் புடைத்து நிற்கும் வார்ப்பு எண். 3925660 என்று இருந்தது. இது 1968 முதல் 1970 வரை பயன்பட்ட அச்சு. அச்சில் ஊற்றிய எல்லாப் பெட்டிக்கும் இதே எண்தான். ஊர்ப்பெயர் மட்டும் சொல்லும் சாட்சி. இரண்டாவது, மன்சியில் பெட்டியைப் பூட்டிய நாளில் அடித்த குறி. மூன்றாவது, செயிண்ட் லூயிஸ் ஆலையில் வண்டியோடு சேர்க்கும்போது அடித்த ஒன்பது எழுத்துகள்: செவ்ரலேக்கு ஒன்று, ஆண்டுக்கு ஒன்பது, ஆலைக்கு எஸ், பிறகு வண்டியின் வரிசை எண் ஆறு இலக்கங்கள். விற்பவர் பெரிதாகக் காட்டியது இந்த ஒன்பதைத்தான். வண்டியின் கண்ணாடிக்கருகே உள்ள எண்ணோடு ஓர் இலக்கம் பிசகாமல் பொருந்தியது. அவற்றைச் சுற்றி மட்டும் உலோகம் சற்றே வழவழப்பாக இருந்தது. படமெடுப்பதற்காகத் துடைத்திருப்பார்கள் என்று எண்ணிக்கொண்டேன். மரத்தில் இப்படி ஒரு வழவழப்பைக் கண்டிருந்தால் ஒருநாளும் அப்படி எண்ணியிருக்க மாட்டேன்.

நாட்குறியில் பி, 9, எச் என்று தொடங்கி நாளின் எண்ணும், எம்21க்கு உரிய பி என்னும் எழுத்தும் இருந்தன. முதல் பி மன்சி. ஒன்பது, 1969 என்னும் மாடல் ஆண்டு; இது 1968 கோடையின் இறுதியிலேயே தொடங்கிவிடும். எச் என்பது மாதம். ஏ முதல் எண்ணினால் எச் எட்டாவது எழுத்து, ஆகவே ஆகஸ்டு, ஆகவே 1968 ஆகஸ்டு என்பது விற்பவரின் கணக்கு. வண்டியின் கதவுக் கீலருகே உள்ள தகட்டின்படி உடல் கட்டப்பட்டது 1969 மார்ச்சில். ஏழு மாதம் பெட்டி கிடங்கில் காத்திருந்தது என்று வைத்துக்கொள்ளலாம். கொஞ்சம் நீண்ட காத்திருப்பு. நடக்கவே முடியாதது என்று சொல்லிவிட முடியாது.

ஆனால் மன்சிக்காரர்கள் அகரவரிசைப்படி எண்ணியவர்கள் அல்லர். ஜனவரி முதல் மே வரை ஏ, பி, சி, டி, ஈ. பிறகு எஃப், ஜி இரண்டையும் தாண்டி ஜூனுக்கு எச். ஜூலைக்குக் கே, ஆகஸ்டுக்கு எம், செப்டம்பருக்குப் பி, பிறகு ஆர், எஸ், டி. நம் பழைய பதிவேடுகளிலும் இத்தகைய விடுபாடுகள் உண்டு. ஒன்றோடொன்று மயங்கும் எழுத்துகளை எழுத்தர்கள் தவிர்ப்பார்கள். எச் என்றால் ஜூன். 1969 மாடல் ஆண்டில் வரும் ஒரே ஜூன் 1969 ஜூன்தான். மார்ச்சில் கட்டிய வண்டிக்குள் ஜூனில் செய்த பெட்டி வண்டியோடு பிறந்ததாக இருக்க வழியில்லை. அப்படியானால் அந்த ஒன்பது எழுத்துகளும் செயிண்ட் லூயிஸில் அடிக்கப்பட்டவை அல்ல.

இதை நான் கண்டுகொண்டது ஒரு செவ்வாய்க்கிழமை மாலை. அத்தானிடம் சொன்னது வெள்ளிக்கிழமை. நடுவில் இருந்த இரண்டு நாள்களுக்கு நான் சொல்லிக்கொண்ட காரணம், பட்டியலை இன்னொரு முறை சரிபார்க்க வேண்டும் என்பது. சரிபார்த்தது உண்மைதான், அதற்கு அரைமணி நேரம் போதுமானதாக இருந்தது. சாக்கட்டி பிடித்த கையோடு அவர் எடுத்து அனுப்பிய படத்தை மறுபடியும் மறுபடியும் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதே உண்மை. வியாழக்கிழமை அவர் முன்பணம் கொடுத்துவிட்டார்.

அவர் கோபப்படவில்லை, வாதிட்டார். வாதம் வலுவானதுதான். “பழைய பெட்டி உடைந்திருக்கும். அதே ஆண்டு, அதே வகைப் பெட்டியை யாரோ மாட்டியிருக்கிறார்கள். ஓட்டும்போது என்ன வேறுபாடு?” ஒன்றுமில்லை. எங்கள் தெருவில் ஒரு பெரியவரிடம் பழைய வில்லிஸ் ஜீப் ஒன்று இருக்கிறது. போர்க்காலத்தில் அதே ஜீப்பை ஃபோர்டும் செய்தது. தன் உறுப்புகளில், போல்ட்டுகளில்கூட, எஃப் என்று பொறித்தது. பெரியவரின் வில்லிஸில் அந்த எஃப் பல இடங்களில் தென்படும். கியர்பெட்டியோ அதற்கும் பிந்திய காலத்து டி-90. உப்புக்காற்றில் இத்தனை காலம் ஓடிய வண்டி வேறு எப்படி இருக்கும்? கேட்டால் எந்த உறுப்பு எந்த ஆண்டில் மாறியது என்று அவரே சொல்வார். அந்த ஜீப்பில் பொய் இல்லை.

கோர்வெட்டில் பெட்டியை மாற்றியதிலும் பொய் இல்லை. உண்மையான எண்ணை அங்கே வேறொருவர் எழுதியதுதான் பொய். இதை அத்தானுக்குச் சொல்லி முடிக்கும்போது இன்னொன்றும் தோன்றியது. ஜூனில் செய்த அந்தப் பெட்டி தொழிற்சாலையிலிருந்து ஏதோ ஒரு வண்டியில்தான் வெளியேறியிருக்க வேண்டும்; உதிரிப் பெட்டியாக விற்கப்படாதவரை. அந்த வண்டியின் ஒன்பது எழுத்துகள் அந்த வழவழப்பின் அடியில் இருந்திருக்கும். அடித்த எண்ணின் கீழே உலோகம் கண்ணுக்குத் தெரியும் ஆழத்தைத் தாண்டியும் நசுங்கியிருக்கும். அராவிய பின்னும் தகுந்த அமிலத்தைத் தடவினால் சில நேரம் எழுத்து மங்கலாக எழும் என்று தடயவியலார் எழுதுகிறார்கள். செதுக்கிய தடியில் ஈரம் பட்டதும் நசுங்கிய நார் உப்பி முத்திரையின் விளிம்பு தெரிவதை நான் நேரில் கண்டிருக்கிறேன். மேலே வேறு எண் ஆழமாக அடிக்கப்பட்டுவிட்டால் அதுவும் கிட்டாது.

அத்தானின் மெக்கானிக் பெட்ரோல் டாங்கைச் சற்றே இறக்கிப் பார்த்தார். கோர்வெட் ஆலையில் அதன் தலைமேல் ஒரு தாளை ஒட்டுவது வழக்கம். வண்டிக்கு என்னென்ன பொருத்த வேண்டும் என்னும் பட்டியல். பாதி சிதைந்திருந்தது. எம்21 என்ற இடம் படிக்கக் கிடைத்தது. தாள் உண்மையையே சொன்னது. எந்த எம்21 என்பது மட்டும் அதற்குத் தெரியாது.

விற்பவர் விலையைக் குறைக்க மறுத்துவிட்டார். தமக்கு முன்பிருந்தவர் சொன்னதைத்தான் தாம் சொன்னதாகவும் கூறினார். அது உண்மையாகவே இருக்கலாம். ஐம்பது ஆண்டுகளில் அந்த வண்டி எத்தனை கை மாறியதோ. முன்பணம் திரும்பவில்லை. அக்காள் ஒருநாள் தொலைபேசியில் என்னிடம் எல்லாம் விசாரித்துவிட்டு, “செவ்வாய்க்கிழமையே தெரியுமாமே” என்று மட்டும் கேட்டாள். ஆம் என்றேன்.

மூன்று மாதம் அத்தான் கார் பற்றிப் பேசவில்லை. சென்ற வாரம் ஒரு புகைப்படம் வந்தது: வேறொரு வண்டி, வேறொரு பெட்டி, மங்கலான நாட்குறி. கீழே ஒரே வரி எழுதியிருந்தார்: “தம்பி, ஆர் என்றால் அக்டோபர்தானே?” வந்த நிமிடமே பதில் அனுப்பினேன்.