வாளிக்குள் ஒரு வேதியியல் பாடம்

மீனைப் பிடிச்சுத் திரும்ப தண்ணியில விட்டிருக்கீங்களா? நான் விட்டிருக்கேன். அதுல மூணு ஏற்கனவே செத்திருந்துச்சு.

போன மே மாசம், மேட்டூர் அணை. மாமா பரிசல்ல வலை எடுத்துட்டிருந்தார். என் தூண்டில்ல ஒரு சாண் கூட இல்லாத ரோகு குஞ்சுகளா மாட்டுச்சு. கரைக்குத் திரும்பும்போது மொத்தமா விட்டுடலாம்னு வாளியில போட்டு வெச்சேன். உச்சி வெயில். கொஞ்ச நேரத்துல ஏழும் மேல வந்து வாயைத் திறந்து திறந்து மூடுச்சு.

"விடறதா இருந்தா அப்பவே விட்டிருக்கணும்டா" என்றார் மாமா.

20 டிகிரி நன்னீரில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஆக்ஸிஜன் கரையும். 30 டிகிரியில் 7.5 தான். இதைப் பரீட்சையில எழுதி மார்க் வாங்கினவன் நான். வாளியைப் பார்க்கும்போது ஞாபகம் வரல.

நீங்க மீன் பிடிச்சா, கையை நனைச்சுட்டுத் தொடுங்க; உடம்பு மேல இருக்கிற வழவழப்புதான் அதுக்குக் கவசம். உடனே விட முடியலைன்னா வாளியை நிழல்ல வைங்க, தண்ணியை மாத்திட்டே இருங்க. விடும்போது தூக்கி வீசாதீங்க; தண்ணிக்குள்ளயே தாங்கிப் பிடிங்க, அதுவா நீந்திப் போகட்டும்.

நாலு போயிடுச்சு. மத்த மூணும் பரிசல் பக்கத்துலயே மல்லாந்து மிதந்துச்சு.