முயலுக்கு அபயம் தந்த ராஜகுமாரி

வேல்ஸ் நாட்டிலே, பெர்வின் மலைகளுக்கு நடுவே ஒரு சின்னஞ்சிறு தேவாலயம் இருக்கிறது. ஊரின் பெயர் பென்னன்ட் மெலாங்கெல். தேவாலயத்தைச் சுற்றி வட்டமான கல்லறைத் தோட்டம். அதைக் காவல் காப்பவை போல் பருத்த யூ மரங்கள். அவற்றுக்கு வயது சுமார் 2,000 என்கிறார்கள்!

மெலாங்கெல் யார் தெரியுமா? அயர்லாந்து ராஜகுமாரி. தகப்பனார் பார்த்த மாப்பிள்ளை வேண்டாமென்று கடல் கடந்து ஓடி வந்து, இங்கே 15 வருஷம் தவம் இருந்தாளாம். 604-ம் ஆண்டில் ப்ரோக்வெல் என்ற அரசன் வேட்டைக்கு வந்தானாம். நாய்கள் துரத்திய முயல் ஒன்று அவள் ஆடைக்குள் புகுந்துகொண்டது. அரசன் எவ்வளவு ஏவியும் நாய்கள் பின்வாங்கின. வேட்டைக்காரன் ஊதப்போன கொம்போ உதட்டிலேயே ஒட்டிக்கொண்டது! அசந்துபோன அரசன் அந்தப் பள்ளத்தாக்கையே அவளுக்குக் கொடுத்துவிட்டான். அடைக்கலம் தேடி வருகிற எவருக்கும் அது அபய பூமி ஆயிற்று. அந்தப் பக்கத்து ஜனங்கள் முயலை 'மெலாங்கெலின் ஆட்டுக்குட்டி' என்று சொல்லி, கொல்லாமல் விட்டார்கள்.

12-ம் நூற்றாண்டில் அவளுக்குக் கல்லிலே சமாதி மேடை எழுப்பினார்கள். 16-ம் நூற்றாண்டில், மதச் சீர்திருத்தக் காலத்தில், அதைப் பிரித்துப் போட்டுவிட்டார்கள். ஆனால் செதுக்கு வேலை செய்த கற்கள் ஊரை விட்டுப் போகவில்லை. தேவாலயச் சுவரிலும் தோட்டத்து வாசலிலும் கல்லோடு கல்லாகப் பதுங்கியிருந்தன, அந்த முயலைப் போலவே! 1958-ல் அவற்றைச் சேர்த்து மேடையை மறுபடி கட்டினார்கள்.

நீங்கள் போனால், 15-ம் நூற்றாண்டு மரத்தடுப்பையும் பாருங்கள். அரசன், நாய், முயல் எல்லாம் அதில் உண்டு. நடுவே, மாப்பிள்ளை வேண்டாமென்று வந்த அந்தப் பெண்ணும் இருக்கிறாள்.