‘நான் அஸர் தொழுதேனா?’

அன்று மாலை அம்மா ஆறாவது முறையாக அதே கேள்வியைக் கேட்டார்கள்: “நான் அஸர் தொழுதேனா?” ஐந்து முறை பொறுமையாகப் பதில் சொன்ன எங்களில் ஒருவர், ஆறாவது முறை குரலை உயர்த்திவிட்டார். அம்மா மறுமொழி சொல்லவில்லை. துப்பட்டியைத் தலையில் சரிசெய்துகொண்டு, முஸல்லாவை விரித்து, மீண்டும் தொழ நின்றார்கள்.

பெற்றோர் முதுமை அடைந்துவிட்டால் அவர்களிடம் சலிப்பின் சிறு ஒலியைக்கூட எழுப்பலாகாது என்று பனூ இஸ்ராயீல் அத்தியாயத்தின் 23ஆம் வசனம் கட்டளையிடுவதை எத்தனையோ ஜும்ஆ பயான்களில் கேட்டிருக்கிறோம். அந்த வசனம் முதுமையைத் தனியே எடுத்துச் சொல்வதன் காரணம் அன்றுதான் எங்களுக்கு விளங்கியது. பெற்றோர் நம்மை நடத்திய காலத்தில் பணிவது எளிது. அவர்கள் ஆறு முறை ஒன்றையே கேட்கும் காலத்தில்தான் அந்தக் கட்டளை நம்மைச் சோதிக்கிறது.

எங்கள் ஊர் திருத்தங்கல். சிவகாசியை ஒட்டி இருந்து, 2021இல் அம்மாநகராட்சியோடு இணைக்கப்பட்ட ஊர். மணமாகி இவ்வூருக்கு வந்த நாளிலிருந்து அம்மா வீட்டிலேயே தீப்பெட்டி ஒட்டினார்கள். தீப்பெட்டி ஆபீஸிலிருந்து சாக்கில் வரும் அட்டைகளை மடித்து, மைதாப் பசை தடவி, பெட்டியாக்கி, குரோஸ் கணக்கில் எண்ணிக் கொடுப்பார்கள். ஒரு குரோஸ் என்றால் 144. எங்கள் பள்ளிக்கூடப் புத்தகங்களும் ஓதுகிற பள்ளிக்குக் கொடுத்த காணிக்கையும் அந்தக் கைகளிலிருந்து வந்தவை. வாய் யாசீன் ஓதும், கை பெட்டி ஒட்டும். இரண்டும் ஒன்றையொன்று தடுக்காது.

அந்த அம்மா குழம்பில் இருமுறை உப்புப் போட்டபோது, “வயசானால் அப்படித்தான்” என்றோம். அடுப்பில் பால் கருகியபோதும், சிறுவயதிலேயே இறந்த தம்முடைய அண்ணனை ரயிலடியில் பார்த்ததாகச் சொன்னபோதும் அதையே சொன்னோம். இவ்வாறு இரண்டு ஆண்டுகள் கழிந்தன. மதுரையில் பார்த்த மருத்துவர் முதலில் தைராய்டு, வைட்டமின் பி12 குறைவு, மனச்சோர்வு, காதுகேளாமை, உட்கொள்ளும் மாத்திரைகள் ஆகியவற்றை ஆராய்ந்தார். இவற்றால் வரும் மறதியைப் பெரும்பாலும் சரிசெய்ய முடியும் என்றும், மறதி என்றாலே தீராநோய் என முடிவுகட்டி வீட்டில் இருந்துவிடுவது பெருந்தவறு என்றும் சொன்னார். அம்மாவுக்கு இருந்தது அல்சைமர் நோய். கூடவே காதும் மந்தமாகியிருந்தது. எங்களுக்குப் பதில் சொல்லாமல் இருந்ததைப் பிடிவாதம் என்று எண்ணியிருந்தோம்.

இந்தியாவில் அறுபது வயதைக் கடந்தோரில் 7.4 விழுக்காட்டினருக்கு, ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு, மறதிநோய் இருப்பதாக 2023இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. அப்படியானால் எந்த மஹல்லாவும் இதற்கு விலக்காக இருக்க முடியாது. ஆயினும் இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ‘புத்தி மாறிப்போச்சு’ என்று ஒரு சொல்லில் முடித்து, கதவைச் சாத்திக்கொள்கிறோம். அறிந்திருந்த பின் ஒன்றும் அறியாத நிலைக்கு மனிதரில் சிலர் திருப்பப்படுவார்கள் என்று அந்நஹ்ல் அத்தியாயத்தின் 70ஆம் வசனமும் அல்ஹஜ் அத்தியாயத்தின் 5ஆம் வசனமும் சொல்கின்றன. தள்ளாத முதுமையின் அந்நிலையிலிருந்து நபி (ஸல்) அவர்கள் பாதுகாப்புத் தேடியிருக்கிறார்கள். இறைவேதமே வெளிப்படையாகப் பேசிய ஒன்றைப் பேச நாம் வெட்கப்படுவதில் பொருளில்லை.

நாங்களும் கதவைச் சாத்தியவர்கள்தாம். ஒருநாள் ஃபஜ்ருக்கு முன்பே அம்மா வெளியேறி ரயில் நிலையச் சாலையில் நடந்துகொண்டிருந்தார்கள். பட்டாசு ஆபீஸ் வேனுக்காகக் காத்திருந்த ஒரு சகோதரி, அடையாளம் கண்டு, கையைப் பிடித்து வீடு சேர்த்தார். அவருக்கு அன்றைய வேலையும் கூலியும் போயின. அதன்பின் வாசலுக்குப் பூட்டுப் போட்டோம். கத்தியை ஒளித்தோம், அடுப்படிக்குள் விடவில்லை, துணி மடிக்க வந்தால் “நீங்க உட்காருங்கம்மா” என்றோம். இதற்கு ‘ஓய்வு’ என்று பெயரிட்டோம். வாழ்நாள் முழுதும் கை ஓயாத ஒருவரை நாற்காலியில் அமர்த்தித் தொலைக்காட்சிக்கு முன் விட்டோம். ஆறு மாதங்களில் அம்மா தாமாக எழுந்து நடப்பதையும் நிறுத்திவிட்டார்கள்.

உடனிருந்து பார்த்தவர் எங்களில் மூத்தவரான அக்கா. இரவில் அவர் தொடர்ந்து இரண்டு மணிநேரம் உறங்கிப் பல மாதங்கள் ஆகியிருந்தன. அவருக்கே அறுவைச் சிகிச்சை தேவைப்பட்டபோது, வேறு வழியின்றி, அம்மாவைக் கோயம்புத்தூரில் உள்ள ஒரு மறதிநோய்ப் பராமரிப்பு இல்லத்தில் மூன்று மாதங்களுக்குச் சேர்க்க முடிவுசெய்தோம். “பெற்ற தாயைக் கொண்டுபோய்த் தள்ளப் போகிறார்களாம்” என்ற பேச்சு தெருவில் எழுந்தது. நாங்களும் உள்ளூர அப்படியே எண்ணியதால்தான் அந்தப் பேச்சு அவ்வளவு சுட்டது.

இல்லத்தில் எங்களிடம் ஒரு படிவம் தந்தார்கள். நோய், மருந்து பற்றிய கேள்விகள் ஒரு பக்கம்தான். மற்ற பக்கங்களில் வேறு கேள்விகள். காலையில் எழுந்தவுடன் முதலில் என்ன செய்வார்? என்ன தொழில் செய்தார்? சிறுவயதில் வீட்டில் எந்தப் பெயரால் அழைத்தார்கள்? எந்த ஓசை அமைதி தரும், எது அச்சம் தரும்? யாருடைய பெயரைச் சொன்னால் முகம் மலரும்? மூன்று பிள்ளைகளும் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். நன்னி அம்மாவை எப்படிக் கூப்பிட்டார் என்பது எங்களுக்குத் தெரியவில்லை. அம்மா எங்களை மறந்துவருகிறார்கள் என்று வருந்தி வந்தவர்கள், அம்மாவை அறியாமலேயே நாங்கள் வளர்ந்துவிட்டதை அந்தப் பலகையில் அமர்ந்து உணர்ந்தோம். எங்களில் இளையவர் ஊரிலிருந்த பெரியம்மாவுக்குத் தொலைபேசியில் பேசி அந்தப் பெயரைக் கேட்டு எழுதினார்.

அந்த இல்லத்தில் வியக்கத்தக்க கருவி எதுவும் இல்லை. ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில் ஒரே வேலை, ஒருவரைப் பெரும்பாலும் ஒரே பணிப்பெண் கவனிப்பது, அவரவர் அறைக்கதவில் அவரவர் இளமைக்காலப் படம், சோறு தெளிவாகத் தெரியும்படி நிறமுள்ள தட்டு, கழிவறைக்கு வழிகாட்டும் இரவு விளக்கு, எங்கே நடந்தாலும் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும் தோட்டப்பாதை. யாரும் பூட்டி வைக்கப்படவில்லை. நடப்பதற்கு இடம் இருந்தது. அவர்கள் தவறாகச் சொன்னதை யாரும் திருத்தவில்லை. ‘அண்ணன் வருவார்’ என்று அம்மா சொன்னால், ‘அவர் இறந்து அறுபது வருஷமாச்சு’ என்று நாங்கள் சொல்லி ஒவ்வொரு முறையும் அந்த மரணத்தைப் புதிதாக அறிவித்தோம். அங்கே, ‘அண்ணனுக்கு என்ன பிடிக்கும்மா?’ என்று கேட்டார்கள்.

இரண்டாம் வாரத்தில் அங்கிருந்து ஓர் அழைப்பு வந்தது. அம்மா செய்தித்தாளைக் கிழித்து மடித்துக்கொண்டே இருக்கிறார்கள், ஏதேனும் பொருள் உண்டா என்று கேட்டார்கள். அனுப்பிய படத்தைப் பார்த்தோம். மேசையில் வரிசையாக, ஓரம் பிசகாமல் மடித்த சிறு பெட்டிகள். பெயர்களும் ஆண்டுகளும் நிற்கும் நினைவு ஒன்று. கை பழகிய பழக்கம் நிற்கும் நினைவு வேறொன்று. பின்னது இந்நோயில் நெடுநாள் தங்கும் என்று மருத்துவர் விளக்கினார். எங்கள் பெயர்கள் நழுவிய பிறகும் ஒளுவின் வரிசையும், பிள்ளைப்பருவத்தில் மனனம் செய்த சிறு சூராக்களும், பெட்டியின் மடிப்பும் அம்மாவிடம் இருந்ததன் காரணம் இதுவே.

மூன்று மாதங்களில் அக்கா தேறினார். அம்மாவை வீட்டுக்கு அழைத்துவந்தோம், அந்த இல்லத்தின் ஒழுங்கையும் கூடவே. ஐவேளைத் தொழுகை உள்ள வீட்டுக்குத் தனியே கால அட்டவணை தேவைப்படவில்லை. ஃபஜ்ருக்குப் பின் தினசரி நாட்காட்டித் தாளைக் கிழிப்பது அம்மாவின் பொறுப்பு. கிழமையையும் பிறையையும் உரக்கப் படிப்பார்கள். நாடெங்கும் நாட்காட்டி அச்சிட்டு அனுப்பும் ஊருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, அந்தத் தாளை அம்மாவின் கையிலிருந்து பறித்திருந்தோம். காலையில் பூண்டு உரிப்பது, லுஹருக்கு முன் பெட்டி ஒட்டுவது. வெறும் அட்டையும் பசையும்தான். மருந்தோ குச்சியோ வீட்டுக்குள் வராது. மாலை மங்கும்போது இந்நோயாளிகளுக்குக் கலக்கம் மிகும். ஆதலால் அஸருக்குப் பின், வெளிச்சம் இருக்கும்போதே, தெருவில் ஒரு நடை. திரும்பியதும் எல்லா விளக்குகளும் எரியும்.

இந்த ஊருக்கே உரிய ஓர் அச்சமும் உண்டு. எங்கேனும் வெடிச்சத்தம் கேட்டால் அம்மா எழுந்து நின்று, “எந்த ஆபீஸில்?” என்று கேட்பார்கள். 2012 செப்டம்பரில் முதலிப்பட்டியில் நடந்த விபத்தின் நாளை இப்பகுதியில் யாரும் மறக்கவில்லை. பேரப்பிள்ளைகளை மறந்த அம்மாவும் மறக்கவில்லை. “ஒன்றுமில்லை” என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். “எல்லாரும் வீட்டுக்கு வந்துவிட்டார்கள்” என்று சொல்லிக் கையைப் பிடித்துக்கொண்டால் அமர்வார்கள்.

தொழுகை பற்றிய கவலையை எங்கள் இமாமிடம் கொண்டுபோனோம். அறிவு நீங்கியவர் மீது கடமை எழுதப்படுவதில்லை என்றும், அறிவு மிஞ்சியிருக்கும் அளவுக்கு இயன்றபடி தொழட்டும் என்றும், ரக்அத் மறந்தால் அருகிலிருப்பவர் நினைவூட்டலாம் என்றும் கூறினார். பிறகு சொன்னார்: “அவங்க மறுபடி தொழுறது பிழைன்னு நினைச்சு நீங்க திருத்த வேண்டாம். திருத்திக்கொள்ள வேண்டியது உங்க குரலைத்தான்.”

ஒரு வீடு மட்டும் இதைச் சுமக்க இயலாது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இரத்த அழுத்தம், சர்க்கரைக்கான மாத்திரைகளும் இயன்முறைச் சிகிச்சையும் வீட்டுக்கே வருகின்றன. வழிகாட்டலுக்கு மூத்த குடிமக்கள் உதவி எண் 14567 உண்டு. ஜப்பானில் மூடத்தனத்தைக் குறிக்கும் பழைய நோய்ப்பெயரை 2004இல் அரசே மாற்றியது. மறுஆண்டிலிருந்து கடைக்காரர், வங்கி ஊழியர், பள்ளிப்பிள்ளைகள் என எளிய மக்களுக்கு, மறதிநோயாளியிடம் எப்படிப் பேசுவது என்று குறுகிய பயிற்சி அளித்துவருகிறது. எங்கள் தெருவில் இதைச் சிறிய அளவில் செய்தோம். தேநீர்க் கடையிலும் ஆட்டோ நிறுத்தத்திலும் அம்மாவின் நிலையைச் சொல்லிவைத்தோம். துப்பட்டியின் உள்விளிம்பில் தொலைபேசி எண்ணைத் தைத்தோம். வாரத்தில் இரண்டு பிற்பகல்கள் ஜமாஅத்தின் பெண்கள் இருவர் வந்து அம்மாவோடு அமர்ந்து ஓதுகிறார்கள்; அந்த நேரத்தில் அக்கா உறங்குகிறார். ஜனாஸாவுக்கு ஊரே திரளும் நாம், அதற்கு முந்தைய பத்தாண்டுகளில் ஒரு பிற்பகலைத் தரத் தயங்குகிறோம். மக்கா வெற்றியின்போது அபூபக்கர் (ரலி) அவர்கள் பார்வை இழந்த தம் முதிய தந்தையை அழைத்துவந்தபோது, பெரியவரை வீட்டிலேயே விட்டிருந்தால் நாமே அவரிடம் வந்திருப்போமே என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். முதியவரைத் தேடிப் போவதுதான் அதிலிருந்து நாம் கற்க வேண்டிய முறை.

பெற்றோரை இல்லத்தில் சேர்த்தவர்களை இனி நாங்கள் குறைசொல்ல மாட்டோம். வீட்டின் மூலையில் வேலையின்றி, பேச்சின்றி, பூட்டுக்குள் வைத்ததும் கைவிடல்தான் என்பதை அறிந்துகொண்டோம். எங்கே இருக்கிறார்கள் என்பதோடு, அங்கே அவர்களுக்கு ஒரு வேலையும், அழைக்க ஒரு பெயரும், அமர்ந்து கேட்க ஒரு ஆளும் உண்டா என்பதையும் கேட்க வேண்டும்.

அம்மா இப்போதும் அந்தக் கேள்வியைக் கேட்கிறார்கள். அவர்களே ஒட்டிய ஐந்து தீப்பெட்டிகளைப் பலகையொன்றில் வரிசையாகப் பொருத்தி, ஒவ்வொன்றிலும் ஒரு தொழுகையின் பெயரை எழுதியிருக்கிறோம். தொழுது முடித்ததும் திறந்திருக்கும் பெட்டியை அம்மா உள்ளே தள்ளி மூடுவார்கள். “நான் அஸர் தொழுதேனா?” என்று கேட்கும்போது பலகையைக் காட்டுவோம். மூன்றாவது பெட்டி மூடியிருப்பதைப் பார்த்து, “அல்ஹம்துலில்லாஹ்” என்பார்கள். சில வாரங்களாகப் பலகையைப் பார்த்தும் விளங்காத நாட்கள் வருகின்றன. அவை இனிக் கூடும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். அப்படிப்பட்ட நாட்களில் பக்கத்தில் அமர்ந்து, “தொழுதாச்சும்மா” என்கிறோம். எத்தனை முறை என்று எண்ணுவதை விட்டுவிட்டோம்.

சிறுவயதில் எங்களைப் பரிவோடு வளர்த்த பெற்றோர் மீது வல்ல நாயன் பரிவு காட்டுவானாக. அவர்களின் முதுமையில் நம் நாவையும் கைகளையும் அவன் மென்மையாக்கி வைப்பானாக. ஆமீன்.